கல்யாணப் புடவை

மூன்று வருஷமாகக் காற்று மட்டுமே வந்துபோன ஊரில் மழைக்காகக் கொடும்பாவி இழுத்தார்கள். புழுதியில் இழுபட்டு வந்த வைக்கோல் பொம்மை கட்டியிருந்தது பச்சையம்மாளின் கத்தரிப்பூ நிறக் கல்யாணப் புடவை. மாமியார்தான் அதைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பொம்மைக்குக் கட்டக் கொடுத்திருந்தாள்.

“இன்னா அண்ணீ, ஒன்னவிட அதுக்குத்தான் எடுப்பா கீது!” என்று கொழுந்தன் சிரித்தான்.

பெண்கள் மாரடித்து அழ, ஆண்கள் பொம்மையைச் செருப்பால் வெளுத்தார்கள். “மழைய மறிச்ச பாவி, இன்னியோட ஒழிடீ!” என்று மாமியார் அதன் வயிற்றில் உதைத்தாள். கண் மட்டும் மருமகள்மேல் இருந்தது.

இப்போது மழை பெய்தால் பாவி யாரென்று ஊர் முடிவு கட்டிவிடும். பெய்யாதே, பெய்யாதே என்று பச்சையம்மாள் வானத்தைக் கும்பிட்டாள். முதல் துளி அவள் நெற்றியில் கனமாக விழுந்தது. அடித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்திவிட்டு அவள் பக்கம் திரும்பினார்கள்.