போன் பெரட்டு

நமுனுகுல மலையடிவாரத் தோட்டப் பாடசாலை அதிபர் அம்பலவாணருக்கு ஒரே ஆசைதான். ஓய்வு பெறுவதற்குள் தன் பள்ளிக்கூடம் போன் பேய் பிடிக்காத பள்ளிக்கூடம் என்று நாலு பேர் சொல்ல வேண்டும்.

தோட்டத்தில் காலையில் பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவதைப் பார்த்துத்தான் அந்த யோசனை வந்தது. அவரும் தினமும் ஏழரைக்குப் பேர் கூப்பிட்டார். பெரிய வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக வந்து போனை உரப்பையில் போட வேண்டும். அணைத்துவிட்டுத்தான் போட வேண்டும் என்பது கண்டிப்பான சட்டம். பை அலுமாரிக்குள் போகும். பள்ளி விட்டதும் திரும்பக் கிடைக்கும். மொத்தம் முப்பத்தேழு போன்.

அதன்பிறகு வகுப்புகளில் சத்தமே இல்லை. பிள்ளைகள் குனிந்த தலை நிமிரவில்லை. தவணைப் பரீட்சையில் மட்டும் புள்ளிகள் இன்னும் இறங்கின. மருந்து பிடிக்க நாளாகும் என்று அதிபர் மனதைத் தேற்றிக்கொண்டார்.

கல்விப் பணிப்பாளர் பாராட்ட வரவிருந்த வாரத்தில் இடி விழுந்தது. இடைவேளையில் யாரோ அலுமாரிப் பூட்டை உடைத்துப் பையோடு தூக்கிவிட்டான்.

அம்பலவாணர் உடைந்த பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிள்ளைகள் கூச்சல் போடுவார்கள், பெற்றோர் திரண்டு வருவார்கள், இத்தனை வருடப் பேரும் நாறிவிடும். பயந்துகொண்டே பிள்ளைகளிடம் விஷயத்தைச் சொன்னார்.

ஒருவரும் அழவில்லை.

"என்ன பிள்ளை, போன் களவு போனது கவலை இல்லையோ?" என்று பதினோராம் வகுப்பு விதுஷாவைக் கேட்டார்.

"பரவால்லைங்க சார். பொலிசுக்கெல்லாம் போக வேணாங்க. படிப்புதானே முக்கியம்?"

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. புள்ளி கிடக்கட்டும், பிள்ளைகள் திருந்திவிட்டார்களே!

மறுநாள் காலை அதைவிடப் பெரிய அதிசயம். பள்ளி வாசலில் அதே உரப்பை கிடந்தது. முப்பத்தேழு போனும் அப்படியே இருந்தன.

"பாத்தீரே ரமேஸ்! எங்கட பிள்ளையளின்ர ஒழுக்கத்தைப் பாத்து, கள்ளனுக்கும் மனச்சாட்சி வந்திட்டுது," என்று காவலாளியிடம் பூரித்தார்.

"உள்ள ஒரு கடுதாசி இருக்குங்க சார்," என்றான் ரமேஸ்.

பெரட்டுக்கு நின்ற பிள்ளைகளுக்கும் நல்ல பாடமாக இருக்கட்டுமென்று, அதிபர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரக்கவே வாசித்தார்.

"ஐயா, இதுல ஒன்னுக்குக்கூட உசுரு இல்லைங்க, பதுளை போன் கடை மர்ஸூக் நானாகிட்ட விக்கப் போனா, பெரட்டுல உங்ககிட்ட குடுக்கிறதுக்குன்னே உங்க புள்ளைங்க அவருகிட்ட வாங்கிட்டுப் போன செத்த போனுங்களாம்."