மீட்பு விடுப்பு

வெள்ளத்தில் அடுத்தவரைத் தேடப் போனால் கம்பெனி விடுப்புத் தரும். சொந்தக்காரரைத் தேடப் போனால் தராது. அது சொந்த வேலையாம். அதனால்தான் உலகம்மை, புருஷனும் மகளும் காணாமல் போனதைக் கம்பெனியில் யாரிடமும் சொல்லாமல், தொண்டராகப் பெயர் கொடுத்துப் படகில் ஏறினாள். மணிக்கட்டில் கம்பெனி கட்டிவிட்ட, ஒட்டுக்கேட்டுப் பேசும் பட்டைதான் விடுப்பு. அது ரத்தானால் படகு தானாகவே கரைக்குத் திரும்பிவிடும்.

வாழைத்தோட்டத்து முள்வேலியில் ஓர் ஆண் உடல் சிக்கியிருந்தது. முகம் ஊறி அடையாளமே இல்லை. ஆனால் சட்டைப் பொத்தானில் சிவப்பு நூல் இருந்தது. வெள்ளை நூல் தீர்ந்துபோனதால் அவளே அப்படித் தைத்துக் கொடுத்திருந்தாள்.

கூட வந்த சுடலைமுத்து அடுத்த வீட்டுக்காரர். "ஏ தாயி, இது நம்ம..." என்று தொடங்கியவரின் வாயைப் பொத்தினாள்.

"இவர் உங்கள் உறவினரா?" என்று பட்டை கேட்டது.

"இல்ல. யாருன்னு தெரியல."

"நன்றி. உங்கள் விடுப்பு தொடர்கிறது."

அடையாளம் தெரியாதவர்களை ஏற்றிப்போகும் படகில் அவளே கால்மாட்டைப் பிடித்துத் தூக்கி வைத்தாள். அழவில்லை. அழுதால் பட்டைக்குக் கேட்கும்.

தண்ணீருக்கு மேலே மகள் படிக்கும் பள்ளிக்கூடத்தின் மொட்டைமாடி தெரிந்தது. சுடலைமுத்து அவள் காதோடு, "பிள்ள பேரச் சொல்லிக் கூப்பிடு தாயி. ஒன் சத்தம் கேட்டா வந்துரும்லா," என்றார்.

உலகம்மை பட்டையைப் பார்த்தாள்.

"யாராவது இருக்கீங்களா?" என்று, வேறு யார் வீட்டுப் பிள்ளையையோ தேடுவதுபோலக் கத்தினாள்.