அனந்தபூர்தான் வேணும்

“இருக்கிற சீட்டு வேணாம். அனந்தபூர் போடுங்க” என்றார் ஏழுமலை.

பக்கத்து நாற்காலியில் அவர் மகள் தரணி விசும்பிக்கொண்டிருந்தாள்.

இன்ஜினியரிங் கவுன்சலிங், இரண்டாம் சுற்று, கடைசி நாள். சாயந்திரத்தோடு சைட்டை மூடிவிடுவார்கள். திருப்பதியில் அந்த நெட் சென்டருக்குள் நிற்க இடமில்லை.

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பத்மாவதிக்குச் சொந்த ஊர் நகரி. சட்டம் படிக்கிறாள், மிச்ச நேரத்தில் இங்கே வேலை. எதிர்க்கேள்வி கேட்காமல் அவளால் ஒரு பட்டனைக்கூடத் தட்ட முடியாது.

“ஏங்க, முதல் சுத்துலயே உங்க பொண்ணுக்குத் திருப்பதியில எலக்ட்ரானிக்ஸ் கிடைச்சிருக்கு. இதுக்காக எத்தினி பேர் வேண்டிக்கினு அலிபிரியில மலைக்குப் படியேறுறாங்க தெரியுமா?”

“கம்ப்யூட்டர்தான் வேணும்மா. அது படிச்சவன்தான் அமெரிக்கா போறான்.”

“ரூல் தெரியுமில்ல? புது சீட்டு வந்துட்டா பழசு தானா கேன்சல். அப்புறம் அழுது புரண்டாலும் திரும்பக் கிடைக்காது.”

“தெரியும். போடுங்க.”

“ஒத்து மாமா, வேணாம்!” என்று பின்னாலிருந்து முரளி குறுக்கே வந்தான். ஏழுமலையின் மனைவிக்குத் தம்பி. திருமலைக்கு ஜீப் ஓட்டுகிறான். பிச்சாட்டூரிலிருந்து வந்த அப்பாவையும் மகளையும் பஸ் ஸ்டாண்டிலிருந்து கூட்டி வந்தது அவன்தான். பத்மாவதிக்கும் சேர்த்துக் கரும்பு ஜூஸ் வாங்கி வந்து வைத்திருந்தான்.

“தரணி இங்கயே படிக்கட்டும். ஹாஸ்டல் எதுக்கு, என் வூடு இல்ல? மேல் ரூமுக்கு வெள்ளையடிச்சு ஃபேன்கூட மாட்டிட்டேன். அக்காவும் சரின்னுடுச்சு.”

“மாமா சொல்றதுதான் சரி நைனா. நான் இங்கயே படிக்கிறேன்” என்று தரணி கேவினாள்.

“வாயை மூடுடி, கழுதை!” சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக் கத்தினார் ஏழுமலை.

பத்மாவதிக்குச் சுரீரென்றது.

“படிக்கப்போறது நீங்களா, அவளா? அவளை ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“பெத்தவன் சொல்றேன். போடும்மா.”

பத்மாவதி அனந்தபூர்ப் பக்கத்துக் காலேஜ் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தாள். எந்தக் காலேஜ் நல்லது, எங்கே வேலை கிடைக்கும், எதுவும் அவர் கேட்கவில்லை.

“இது இங்கேர்ந்து எவ்ளோ தூரம்?”

“காலேஜ்ல சேர்க்கறீங்களா, பஸ் டிக்கெட் எடுக்கறீங்களா?”

“தூரத்தைச் சொல்லும்மா.”

“உங்க ஊர்ல விடியக்காலம் ஏறினா சாயந்திரம் போய்ச் சேரலாம்.”

“அதை முதல்ல போடு. அங்க ஹாஸ்டல் எப்படி? ஆம்பளைங்கள உள்ள விடுவாங்களா?”

“கேட்டுக்கு வெளியிலதான் நிக்கணும்.”

“சொந்தக்காரங்க வந்தா?”

“அப்பா அம்மா தவிர யாரா இருந்தாலும் கேட்டோட சரி. போதுமா?”

“போதும்” என்றார். வந்ததிலிருந்து இப்போதுதான் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது.

பெண்ணைக் காலேஜுக்கு அனுப்புகிறாரா, ஜெயிலுக்கா? பத்மாவதி பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் நிரப்பினாள். ‘சேவ்’ ஒன்றுதான் பாக்கி.

“மாமா, ஒரு நிமிஷம் வெளிய வா. உன்கிட்ட பேசணும்” என்று முரளி ஏழுமலையின் கையைப் பிடித்து இழுத்துப் போனான். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் இரண்டு பேரும் கையை ஆட்டி ஆட்டிச் சண்டை போடுவது தெரிந்தது.

இதை விட்டால் நேரமில்லை. பத்மாவதி தரணியின் காதருகே குனிந்தாள்.

“இத பாரு. இதை சேவ் பண்ணாமலே மூடிடறேன். சர்வர் மாட்டிக்கிச்சுன்னு உங்க நைனாகிட்ட நான் சொல்லிக்கறேன். உன் சீட்டு உனக்கே இருக்கும். அழாதே.”

“ஐயோ, வேணாங்க்கா!”

தரணி மவுஸைப் பிடுங்கித் தானே ‘சேவ்’ பட்டனை அழுத்தினாள். திரையில் சக்கரம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பதிவாகிவிட்டது என்று வந்த பிறகுதான் மூச்சு விட்டாள்.

“பைத்தியமா உனக்கு? இங்கயே படிக்கணும்னு இப்பதானே அழுதே!”

தரணி கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தாள். அழுகை எங்கேயோ போயிருந்தது.

“அந்த மேல் ரூம் நான் படிக்க இல்லக்கா. மாமாவும் நானும் குடித்தனம் பண்ண. தாய்மாமனுக்குத்தான்னு நான் பொறந்தப்பவே பேசி வச்சிட்டாங்க. திருப்பதியில சேர்ந்தா கார்த்திகையில தாலி. அப்புறம் எங்க படிப்பு?”

“உங்க நைனா முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னா, முறையை மீறினவன்னு சொந்தமே சேர்ந்து அவரை ஒதுக்கிடும். எங்கம்மாவே பேச மாட்டாங்க. தூரத்துல சீட்டு வந்துட்டா, கவர்மெண்ட்டு போட்டுச்சுன்னு சொல்லிக்கலாம். பேராசை புடிச்சவன்னு நாலு பேர் நைனாவைத் திட்டுவாங்க. திட்டட்டும்னுட்டாரு.”

அந்த நாலு பேரில் முதல் ஆள் தான்தான் என்று பத்மாவதிக்கு உறைத்தது. கரும்பு ஜூஸைத் தள்ளி வைத்தாள்.

“அனந்தபூர் வரலைன்னா?”

“பழைய சீட்டு. பழைய கதை” என்றாள் தரணி.

வெளியே ஏழுமலை இன்னும் கத்திக்கொண்டிருந்தார்.

“அப்போ... நீ அழுதது, அவர் உன்னைத் திட்டினது?”

“எனக்கு அழுகை தானா வந்துடுச்சுக்கா. நைனாவுக்குத்தான் என்னைக் ‘கழுதை’ன்னு சொல்ல வாயே வரல. பிச்சாட்டூர்லேர்ந்து பஸ் பூரா நான்தான் சொல்லிக் குடுத்துக்கினு வந்தேன்.”