படகோட்டியின் வசனம்

பொய் சொல்கிறார்.

அவளுக்குத் தெரிந்துவிட்டது.

மேசைமேல் ஒரு ஜப்பானிய நாடகக் கைப்பிரதி. தூரிகை எழுத்து. அட்டையின் மூலையில் ஒரு பெயர் இருந்திருக்கிறது. மை கரைந்து போயிருந்தது.

ஈரம் பட்டதா, யாராவது துடைத்ததா?

பினாங்கில், அருங்காட்சியகத்தில், அவள் வேலையே இதுதான். ஒரு பொருள் எங்கே பிறந்தது, யார் யாரிடம் கைமாறியது என்று அதன் பின்னாலேயே போவது. எல்லோரும் அன்பளிப்பு என்றுதான் சொல்வார்கள். கொள்ளையடித்தது என்று சொல்லி இதுவரை ஒருவரும் எதையும் கொண்டுவந்ததில்லை.

எதிரே தர்மலிங்கம். வயது அறுபதுக்கு மேல். அவருடைய அப்பா ஜப்பான்காரன் காலத்தில் ராணுவ முகாமில் சமையல் ஆள். அவர்கள் மொழியும் படித்தவர். சண்டை முடிந்து ரப்பர் தோட்டத்துக்குத் திரும்பியபோது இடுப்பில் இந்தப் பிரதியைச் செருகியிருந்தார். செத்த சிப்பாயின் பையிலிருந்து எடுத்தது என்றது தோட்டம். சாகும்வரை அவருக்குப் பொணம்பொறுக்கி என்றே பேர்.

அது பொய் என்று ஒரு வரி எழுதித் தர வேண்டும். மகன் கேட்பது அவ்வளவுதான்.

“அப்பா இதக் கையில வச்சிக்கிட்டு முழுக் கதையும் சொல்வாரும்மா. படகோட்டி ஒருத்தன், பிரயாணி ஒருத்தன்.”

அங்கேதான் மாட்டிக்கொண்டார்.

அந்த நாடகங்களில் நடிகனுக்கு முழுக் கதையையும் எழுதித் தர மாட்டார்கள். அவனவன் வசனம் மட்டும்தான். அடுத்தவன் பேசும் இடத்தில் ஒரு கோடு. இந்தப் பிரதியில் பேசுவது பிரயாணி. படகோட்டிக்கு ஒரு சொல்கூடக் கிடையாது.

நன்றாகக் காதில் பூச் சுற்றுகிறார்.

“படகோட்டி என்ன சொல்வான்?” என்றாள், சும்மா கேட்பதுபோல.

அவருக்குக் கூச்சமாகிவிட்டது. அர்த்தம் தெரியாதாம். அப்பா சொல்லிச் சொல்லி ஓசை மட்டும் மனதில் நிற்கிறதாம்.

கண்ணை மூடிக்கொண்டார்.

“மத்தே. ஃபுனே வா தேனு.”

நில். படகு போகாது.

அவள் முதல் கோட்டுக்குக் கீழே பார்த்தாள். பிரயாணி கேட்கிறான்: ஏன் போகாது?

அவர் அடுத்ததைச் சொன்னார். அது அடுத்த கோட்டில் போய் உட்கார்ந்தது. அதற்கடுத்ததும். உச்சரிப்பில் தோட்டத்து வாடை அடித்தது, ஆனால் எதுவும் பிசகவில்லை.

அப்படியானால் முகாமில் போட்ட நாடகத்தில் படகோட்டியாக நடித்தவர் அப்பா.

அப்படியானால் இது அவருடைய பிரதி இல்லை. கூட நடித்தவனுடையது. சந்தேகம் மறுபடி தலைதூக்கியது.

“உங்கப்பாவோட பிரதி எங்க ஐயா?”

“அது இல்லம்மா. வரும்போதே இது ஒன்னுதான் இருந்துச்சாம்.”

அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

செத்தவனிடம் எடுத்திருந்தால் கையில் இரண்டும் இருந்திருக்கும்.

வழியில் ஒன்று தொலைந்தும் போயிருக்கலாம். அவள் புத்தி அப்படித்தான் போகும். ஆனால் தன் பிரதியைத் தொலைத்துவிட்டு அடுத்தவன் பிரதியை ஆயுள் முழுக்கக் காப்பாற்றியவரைத் திருடன் என்று எழுத அவளுக்குக் கை வரவில்லை.

கைமாறிய விதம் என்ற இடத்தில் எழுதினாள்: கூட நடித்தவனோடு மாற்றிக்கொண்டது.

மை காயும்வரை எதிரே இருந்தவரைப் பார்க்கவில்லை. பிரதியைத் தன் பக்கம் திருப்பி, பிரயாணியின் முதல் வரியை வாய்விட்டு வாசித்தாள்.

தர்மலிங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பிறகு பதில் சொன்னார்.