பாதம் அளந்து பார்ப்போமா?

குழந்தைகளுக்கான செருப்புக் கடையில் அவள் ஈ ஓட்டத் தொடங்கி மாதக்கணக்காகிவிட்டது. இப்படியே போனால் கடையை மூட வேண்டியதுதான்.

விளம்பர வேலை பார்க்கும் தம்பிதான் வழி சொன்னான்.

"அக்கா, 'தள்ளுபடி'ன்னு எழுதினா யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க. பில் போடும்போது பிள்ளைங்க பிறந்தநாளைக் கேட்டு வச்சிருக்கல்ல? அன்னைக்கு ஒரு மெசேஜ் அனுப்பு. சொந்தக்காரங்க விசாரிக்கிற மாதிரி ஒரு கேள்வியில முடி. கேட்டா, பதில் சொல்ல வருவாங்க."

அன்றே முதல் செய்தியை எழுதினாள். 'இன்று உங்கள் செல்ல மகனுக்குப் பிறந்தநாள்! இந்த ஒரு வருடத்தில் எவ்வளவு வளர்ந்திருக்கிறான்? பாதம் அளந்து பார்ப்போமா?'

மாலையில் ஒருவர் கையில் போனோடு வந்து நின்றார்.

"இதை நீங்கதானே அனுப்பினீங்க?"

கடவுள் கண்ணைத் திறந்துவிட்டார் என்று மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டாள். தம்பி வாயில் சர்க்கரைதான் போட வேண்டும்.

"ஆமா சார், உட்காருங்க! பிறந்தநாள் ராஜா எங்கே? வெளியே ஒளிஞ்சிருக்காரா?"

"வரலம்மா."

"பரவாயில்ல. போன வருஷம் பத்தாம் நம்பர் வாங்கினீங்க. இந்த வயசுல மளமளன்னு வளருவாங்க. பன்னிரண்டு எடுக்கட்டுமா?" என்றபடியே ஏணியில் ஏறினாள்.

"இறங்குங்கம்மா. அதே பத்துதான்."

"அதெப்படி சார், கொஞ்சம்கூடவா வளரல?"

அவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் உடைஞ்சிடுவேன்னு மனைவியும், அவ உடைஞ்சிடுவான்னு நானும், வீட்டுல அவன் பேரைக்கூட எடுக்கறதில்ல. இன்னைக்கு அவனை விசாரிச்சது நீங்க மட்டும்தான். கேட்டவங்களுக்குப் பதில் சொல்லணும்ல, அதான் வந்தேன். பத்தாம் நம்பரோட நின்னுட்டான்மா."