ஐந்தாம் காரம்

நாஷ்வில்லில் எர்னஸ்டீன் நடத்தும் பொரித்த கோழிக் கடையில் காரம் ஐந்து வகை. புதிதாக வருகிறவர்களுக்கு ஐந்தாம் காரம் கிடையாது.

கடை ஜன்னலோரம் வந்து நின்ற காரிலிருந்தபடி ஒரு பெண் அதைத்தான் கேட்டாள்.

"முதல் தடவையா கண்ணு? ரெண்டாம் காரம் தர்றேன். ரொட்டியும் வெள்ளரி ஊறுகாயும் வெச்சு சாப்பிடு."

"அஞ்சுதான் வேணும்."

"யார்கிட்டயாவது பந்தயமா?"

"இல்லை."

"அழுதுடுவே!"

"அழறேன். வாங்காம போகமாட்டேன்."

"நான் தரமாட்டேன்."

கார்க் கதவு படாரென்று திறந்தது. அவளுக்கு முன்னால் அவளுடைய நிறைமாத வயிறு இறங்கியது.

"டாக்டர் சொன்ன தேதி தாண்டி பத்து நாளாச்சு. காரம் தின்னா வலி எடுக்கும்னு ஊரே சொல்லுது. இவன் இன்னிக்கு வெளிய வந்தாகணும்!"

எர்னஸ்டீன் அடுப்படியில் இருந்த கணவனிடம் திரும்பினாள்.

"கிளியோ, அஞ்சாம் காரம் ஒண்ணு! அப்படியே நம்ம வண்டியையும் எடு, ஆஸ்பத்திரிக்கு."