பெல்ட் மாற்றும் மதியம்

ஜூன் 14. கடைக் குறிப்பேட்டின் நேற்றைய பக்கத்தில் இன்றைய பெல்ட் மாற்றும் வேலையைப் பழுதுவேலை என்று எழுதியது பிழை. சலவைக்கடையில் எதுவும் பழுதாகவில்லை; பெல்ட் அறுந்துபோகும் முன்பே மாற்றுவதுதான் இது.

மதிய வெயில் ஷட்டர் இடுக்குகளில் கோடு கோடாக விழுகிறது. வீட்டின் மூத்த மருமகள் பெரிய சலவை இயந்திரத்தின் பின்பலகையைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு, தேய்ந்த பெல்ட்டை உருவிப் புதியதை மாட்டுகிறாள். மெக்கானிக் இல்லாமல் அவள் தனியாகச் செய்வது இதுவே முதல் தடவை. மாலைக்குள் துவைத்துக் கொடுக்க வேண்டிய ஆஸ்பத்திரி விரிப்புகள் மூட்டை மூட்டையாகக் கிடக்கின்றன. அவற்றின்மேல் கொழுந்தன் தேநீரோடு சாய்ந்திருக்கிறான். “நல்லா ஓடிட்டிருந்ததைப் பிரிச்சுப் போட்டுட்டீங்களே அண்ணி” என்கிறான். “அதுவா நிக்கட்டும்னு விட்டா, இத்தனையும் நீதான் கல்லுல அடிச்சுத் துவைக்கணும். சம்மதமா?” அவள் கட்டைவிரலால் பெல்ட்டின் நடுவை அழுத்துகிறாள். அளவாகத்தான் அமுங்குகிறது. ஆனாலும் மனம் கேட்காமல் போல்ட்டைத் தளர்த்தி மறுபடி முடுக்குகிறாள். பலகையை மூடியபின், கழற்றிய திருகுகளைப் போட்டுவைத்த தாளில் ஒன்றுகூட மிச்சமில்லை. பொத்தானை அழுத்துகிறாள். வெறும் டிரம் முனகி, சுழன்று, வேகமெடுக்கிறது. கொழுந்தன் எழுந்து வந்து தேநீர்க் குவளையை ஓடும் இயந்திரத்தின் தலையில் வைத்துக் குனிந்து பார்க்கிறான். தேநீரில் சிறு நெளிவுகூட இல்லை. “அண்ணன் செஞ்சா இப்படி வராது” என்றபடி முதல் மூட்டையை அவிழ்க்கிறான். அவள் கையிலிருக்கும் கிரீஸை அவசரமில்லாமல், விரல் விரலாகத் துடைக்கிறாள்.

நாளை இரண்டாவது இயந்திரத்தின் வடிகட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும்.